துருத்தண்ணீர்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. என் உடம்புக்குள் டொக்டர்மார் காந்தம் வைத்துவிட்டார்களாம். நான் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் போகக்கூடாதாம். லிஃப்டில் ஏறினால் அது இடையில் நின்றுவிடுமாம். கீழ் மாடி அம்மா ஒருவர் தன் கைத்தொலைபேசியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு என்னிடம் சுகம் விசாரித்தார். நான் வேண்டுமென்றே ஒரு அடி கிட்டப் போனேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

இதை நான் எழுத அந்த அம்மாவும் ஒரு காரணம். மற்றக் காரணம், இதே வருத்தம் வந்து, இதே மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, யாரை நம்புவது என்று தெரியாமல் இருக்கும் ஒரு பெண்ணின் கையில் இது கிடைக்கலாம் என்பது. அவருக்கு முதலே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சந்தேகப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. நானும் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், ஒருவரைத் தவிர.

சந்தேகப்படுவது என் தொழில். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகன இழப்பீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். காரை எங்கேயாவது கொண்டுபோய் இடித்துவிட்டு, நாய் குறுக்கே பாய்ந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். கொழும்பில் நடந்த விபத்துகளில் பாதிக்கு மேல் நாய்களால்தான் நடந்தன என்று எங்கள் கோப்புகள் சொல்லும். நான் காரைப் பார்ப்பதை விட ஆளைத்தான் பார்ப்பேன். கேள்வி கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறாரா, வேறு எங்கே பார்க்கிறார் என்று கவனிப்பேன். பொய் இருக்கும் இடத்துக்குக் கண் தானாகவே போகும். வீட்டில் இவர், அதாவது என் கணவர், "உம்மோட கதைக்கேக்க சாட்சிக்கூண்டில நிக்கிற மாதிரி இருக்கு" என்பார். இவர் எதிர்மாறான ஆள். தெருவில் யார் எதை விற்றாலும் நம்பி வாங்கிக்கொண்டு வருவார்.

வலது மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் குளிக்கும்போது கண்டேன். அவரைக்கொட்டை அளவு. நோகவில்லை. நோகாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நெரித்து எடுக்கும் எக்ஸ்ரே, பிறகு ஸ்கான், பிறகு ஒரு தடித்த ஊசியால் கட்டியில் இருந்து துளி சதையைக் கிள்ளி எடுக்கும் சோதனை. மூன்றும் முடிந்து, புற்றுநோய்தான் என்று சொன்னார்கள். ஆரம்ப நிலை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும், மார்பு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். "அந்த விசயம்" என்றார் இவர். தொலைபேசியில் உறவினர்களுக்கு, "சுகந்திக்கு ஒரு சின்னக் கட்டியாம், எடுக்கப் போகினம்" என்று சொன்னார். ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தபோது, கோயிலில் அடிக்கடி காணும் ஒருவரை எதிர் வாங்கில் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதது போலப் பக்கவாட்டில் இருந்த ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் பயம் எது என்பதை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாவுப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கிட்டத்தில் இன்னொன்று நின்றது. அது மாமியின் கை.

இவருடைய அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். அந்தக் காலத்தில் கட்டியோடு சேர்த்துக் கமக்கட்டுக்குள், அதாவது அக்குளுக்குள், இருக்கும் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவார்கள். வருத்தம் அங்கே போயிருந்தாலும் எடுப்பார்கள், போகாவிட்டாலும் எடுப்பார்கள். நிணநீர் என்பது உடம்புக்குள் ஓடும் தெளிந்த நீர். கணுக்கள் அதை வடிக்கும் சின்னச் சின்ன வடிகள். வடியை எல்லாம் எடுத்துவிட்டால் கையில் ஊறும் நீர் எங்கே போவது? கையிலேயே நின்றுவிடும். மாமி பிழைத்தார், பல காலம் இருந்தார். ஆனால் அந்தக் கை மற்றக் கையை விட இரண்டு மடங்கு தடித்து, தோல் இறுகி, அவருடைய கையே இல்லை என்பது போல் தொங்கியது. தலைமுடியைச் சீவி இழுக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. அவருடைய சட்டைகளின் ஒரு கையை மட்டும் பிரித்து, துணி வைத்துப் பெருப்பித்துத் தைத்தவர் என் மச்சாள், இவருடைய அக்கா. கலியாணம் செய்யாமல், கொட்டாஞ்சேனை வீட்டில் மாமியைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான். மாமி கதிரையில் இருக்கும்போது அந்தக் கையை ஒரு தலையணை மேல் வைப்பார். யாராவது வந்தால் சேலைத் தலைப்பால் மூடுவார்.

எனக்கும் அந்தக் கை வந்துவிடும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று என் வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது நாற்பதுக்குள். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார். யாழ்ப்பாணத்தில் வேலை செய்த காலத்தில் பழகியதாம். எனக்கு உடனே சந்தேகம். எங்கள் தமிழைக் கதைத்து என்னை எதற்கோ வளைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, கமக்கட்டு முழுக்க இப்ப நாங்க வெட்டுறேல்ல," என்றார் அவர். "கட்டியில இருந்து நிணநீர் போற பாதையில முதல் வாற கணு இருக்கு. வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி. வருத்தம் போறதெண்டா முதல்ல அவரைத்தான் தாண்ட வேணும். அந்தக் கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பம். அதில இல்லையெண்டா மற்றதுகளைத் தொட மாட்டம். கை தப்பும்."

"அந்தக் காவல்காரனை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்?"

அவர் மேசையில் இருந்த ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே கபில நிறத்தில் தண்ணீர். பழைய தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருமே, அந்த நிறம்.

"இது என்ன, துருவா?"

"ஓம்," என்றார் டொக்டர், சிரிக்காமல். "ஒருவகையில துருதான். இரும்பு ஒக்சைட். ஆனா ஒவ்வொரு துணிக்கையும் கண்ணுக்கு மட்டுமில்லை, சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கும் தெரியாத அளவு சின்னன்."

அதை மார்பில் ஊசியால் ஏற்றுவார்களாம். துணிக்கைகள் நிணநீரோடு போய் அந்த முதல் கணுவில் தங்கிவிடும். அவை சாதாரண நேரத்தில் காந்தமாக இரா. காந்தப் புலம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த நேரத்துக்கு மட்டும் காந்தமாகும். பேனை மாதிரி ஒரு கருவியால் தோலின் மேல் தடவினால், துணிக்கைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் கருவியோடு இணைந்த பெட்டி சத்தம் போடும். சத்தம் வந்த இடத்தில் வெட்டி, கபில நிறமான கணுவை மட்டும் எடுப்பார்கள். முன்பு இதற்குக் கதிரியக்க மருந்து ஏற்றுவார்கள். அதற்கு வேறு பிரிவு, வேறு நாள், கடுமையான விதிமுறைகள் எல்லாம் வேண்டும். இதைச் சில நாட்களுக்கு முன்பே ஏற்றி வைத்துவிடலாம். ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக வந்த மருந்து, சம்மதிப்பவர்களுக்கு மட்டும், காசு இல்லை.

காசு இல்லை என்றதும் எனக்குக் காது கூர்மையாகிவிட்டது. சும்மா ஒரு பொருளை யார் தருவார்கள்? வெளியே வந்து இவரிடம், "என்னைச் சோதனை எலியாக்கப் போகினம்" என்றேன்.

"நீர் ஏன் எல்லாத்திலயும் குறை பிடிக்கிறீர்? அவ எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்கிறா," என்றார் இவர். இவருக்கு அது போதும்.

அன்று பின்னேரமே கனடாவில் இருக்கும் என் தம்பி அழைத்தான். நான் காந்தம் என்று ஒரு சொல்தான் சொன்னேன், அவன் பிடித்துக்கொண்டான். "அக்கா, வெட்ட விடாதேங்கோ. இப்ப காந்தத்தால மருந்தை நேரா கான்சருக்கே கொண்டு போய்ச் சேர்க்கினம். கத்தியே தேவையில்லை. நான் வீடியோ அனுப்பிறன், பாருங்கோ." வீடியோவில் நீல நிற இரத்தக் குழாய்க்குள் தங்க நிற உருண்டைகள் படையெடுத்துப் போய், ஒரு கறுப்புக் கட்டியைச் சூழ்ந்து, அதைக் கரைத்தன. பின்னணியில் நல்ல இசை. கூடவே வெள்ளவத்தையிலேயே இருக்கும் ஒரு முகவரின் இலக்கத்தையும் அனுப்பினான். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆட்களை அனுப்புகிறவராம்.

காலி வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். நானும் இவரும் போனோம். எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞன்தான், கழுத்துப்பட்டி கட்டி, மிகவும் மரியாதையாகக் கதைத்தான். "அன்ரி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நாங்கள் பார்ப்பம். தோசை கூட இருக்கு." செலவைச் சொன்னான். நாங்கள் இருக்கும் வீட்டை விற்க வேண்டிய செலவு. இவர் அப்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அது விலைக்கு ஆட்டிய தலை அல்ல, தோசைக்கு ஆட்டியது என்று பிறகு விளக்கம் சொன்னார்.

நான் அவனிடம் என் தொழிலில் கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்டேன். "தம்பி, இந்த வைத்தியத்தால செய்ய ஏலாதது என்ன?"

"ஏலாதது எண்டு ஒண்டும் இல்லை அன்ரி."

"பக்க விளைவு?"

"இல்லவே இல்லை."

"சரிவராமப் போன ஆக்கள்?"

"இதுவரைக்கும் இல்லை அன்ரி." இதைச் சொல்லும்போது அவன் மேசையில் கிடந்த பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தான்.

அடுத்த கிளினிக் நாளில் அதே கேள்விகளை டொக்டரிடம் கேட்டேன். அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊசி போட்ட இடத்தில் தோல் கபில நிறமாகும். மாதக் கணக்கில் இருக்கும், சிலருக்கு வருடக் கணக்கில். பிறகு அந்த மார்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் படம் தெளிவாக வராமல் போகலாம். இரும்பு ஒவ்வாமை இருந்தால் தர முடியாது. சிலருக்குக் கணுவைக் கண்டுபிடிக்க முடியாமலும் போகும்.

"கண்டுபிடிக்காட்டி?"

"பழைய மாதிரிச் செய்ய வேண்டி வரலாம் அம்மா. பொய் சொல்ல மாட்டன்."

தம்பி அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். யோசனை உண்மைதான் என்றார். துணிக்கையில் மருந்தை ஏற்றி, வெளியே இருந்து காந்தத்தால் கட்டிக்கு இழுக்கப் பார்க்கிறார்கள், ஆய்வுகூடத்தில் நடக்கிறது. துணிக்கைகளைக் கட்டிக்குள் போட்டு, மாறி மாறி வரும் காந்தப் புலத்தால் சூடேற்றிக் கட்டியை வாட்டும் முறையும் இருக்கிறது. மூளைக் கட்டி போன்ற சிலவற்றுக்கு எங்கோ சில இடங்களில் செய்கிறார்கள். "உங்கட கட்டிக்கு இண்டைக்கு அது வைத்தியம் இல்லை. நாளைக்கு வரலாம். நாளைக்கு வரும் வரைக்கும் உங்கட கட்டி காத்துக்கொண்டு இருக்காது."

அன்று இரவு என் மனதுக்குள் இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்தேன். ஒன்றில் குறையே இல்லை. மற்றதில் குறை மட்டும்தான் எழுதியிருந்தது. என் தொழிலில் நான் எப்போதும் காசு கொடுத்தது இரண்டாவது ஆளுக்குத்தான். அதற்காக டொக்டரை நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். குறைவாகச் சந்தேகப்பட்டேன், அவ்வளவுதான். சம்மதப் பத்திரத்தைச் சிறிய எழுத்து உட்பட இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தம்பி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

துருத்தண்ணீரை ஏற்றினார்கள். எரிந்தது, பிறகு அடங்கியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மார்பில் தேநீர் ஊற்றியது போல ஒரு கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. இது எங்கே எல்லாம் ஓடித் திரிகிறதோ என்று நினைத்துக்கொண்டு, சும்மா இருக்காமல், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பூ ஒன்றைக் கழற்றி மார்பில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த நேரம் பார்த்து வேலைக்கு வரும் பெண் உள்ளே வந்தாள். கீழ் மாடி அம்மாவுக்குக் கதை போன வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வார்டில் சேர்ந்தேன். நகை எல்லாம் கழற்ற வேண்டும் என்றார்கள். காப்பு, தோடு, மோதிரம் போயின. கடைசியில் தாலிக்கொடி. கலியாண நாளில் இருந்து கழற்றாதது. மச்சாள் கொட்டாஞ்சேனையில் இருந்து அதற்கென்றே வந்திருந்தார். கொடியை என் கழுத்தில் இருந்து எடுப்பதற்கு முன்பே, மஞ்சள் பூசிய நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டி என் கழுத்தில் போட்டுவிட்டார். ஒரு நிமிடம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது அவருக்கு. மஞ்சள் துண்டைச் சுற்றி நூலை இறுக்கமாக, பம்பரத்துக்குச் சுற்றியது போலச் சுற்றியிருந்தார். நேர்ஸ் தடுப்பாரோ என்று பார்த்தேன். "நூல் தானே, பரவாயில்லை" என்றார் அவர். டொக்டரின் மணிக்கட்டிலும், பிக்குமார் ஓதிக் கட்டிவிடும் ஒரு வெள்ளைப் பிரித் நூல் இருந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் டொக்டர் இன்னொரு இளம் டொக்டரோடு பெட்டியைக் கொண்டு வந்தார். தியேட்டருக்குப் போக முதல் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வைத்தார்கள். இவர் திரைக்கு வெளியே. மச்சாள் மட்டும் என் கால்மாட்டில் நின்றார்.

கருவியை மார்பில் வைத்ததும் பெட்டி ஊளையிட்டது. அது ஊசி போட்ட இடம், எதிர்பார்த்ததுதான். கமக்கட்டுக்கு நகர்த்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எனக்கு மாமியின் கை கண்முன் வந்தது. பிறகு மெல்லிய சத்தம், கொஞ்சம் தள்ளி வைக்க இன்னும் கூடியது. "இந்தா இருக்கிறார் காவல்காரன்," என்றார் டொக்டர். பேனையால் அடையாளம் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் கவனமான ஆள். எதற்கும் என்று கருவியை மேலே, காறை எலும்புப் பக்கம் கொண்டுபோனார். பெட்டி கத்தியது. கமக்கட்டில் வந்ததை விடப் பலமாகக் கத்தியது.

இளம் டொக்டர் சிங்களத்தில், "மெதனத் எனவனே," என்றார். இங்கேயும் வருகிறதே என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருக்க வேண்டும். கொழும்பில் இத்தனை காலம் சிங்களவர்களோடும் அவர்களுடைய நாய்களோடும் வேலை செய்தவளுக்கு விளங்காமல் இருக்குமா? டொக்டர் கருவியைத் தூக்கிக் காற்றில் பிடித்தார், அமைதி. திரும்ப வைத்தார், கத்தியது. அவருடைய முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"என்ன டொக்டர்? கழுத்துக்குப் போயிட்டுதா?"

"சொல்ல ஏலாது அம்மா. பாதை வேற மாதிரிப் போயிருக்கலாம். இண்டைக்குச் செய்யாம, இன்னொரு ஸ்கான் எடுத்துப் பார்த்திட்டுச் செய்தா நல்லம் எண்டு நினைக்கிறன்."

அப்போது நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. "நீங்கள் போட்ட துருதான் உடம்பு முழுக்க ஓடித் திரியுது," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் கதை நின்றது. கழுத்துக்குப் போய்விட்டது, காவல்காரனைத் தாண்டிவிட்டது, தம்பி சொன்னது சரி, முகவர் பெடியன் சொன்னது சரி, நான் மட்டும் மடைச்சி என்று மனம் ஓடியது. உதவிக்கு யாரையாவது பார்க்க வேண்டும் போல இருந்தது. கால்மாட்டில் நின்ற மச்சாளைப் பார்த்தேன்.

மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்க்கவில்லை. கத்திய பெட்டியையும் பார்க்கவில்லை. என் கழுத்து நூலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படுத்திருந்ததில், மஞ்சள் துண்டு நழுவி, வலது காறை எலும்புக் குழிக்குள், சட்டைக்குக் கீழே கிடந்தது.

என் வாழ்நாளில் எத்தனையோ பேரின் கண் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"மச்சாள்," என்றேன். "இதுக்குள்ள என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டும் இல்லையே. மஞ்சள்."

"மச்சாள்."

அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினார். "ஒரு சின்ன ஆணி," என்றார். "சின்னன். பாதியா வெட்டினது."

டொக்டர் நூலை என் கழுத்தில் இருந்து எடுத்து, கருவிக்குக் கிட்டக் கொண்டுபோனார். பெட்டி காது கிழியக் கத்தியது. தள்ளிப் பிடித்தார், நின்றது. கருவியை என் காறை எலும்பில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. மேலே வைத்தார், கழுத்தில் வைத்தார், சத்தம் இல்லை. கமக்கட்டில் வைத்தார். காவல்காரன் மட்டும் அவன் பாட்டில் முனகினான்.

இளம் டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கும். பலகாரமோ இறைச்சியோ கொண்டு வீதியால் போகும்போது ஒரு இரும்பாணியைக் கூட வைத்து அனுப்புவது வழக்கம். இரும்பு இருந்தால் கூடாதது ஒன்றும் அண்டாது. ஆஸ்பத்திரியில் எத்தனை பேரின் உயிர் போயிருக்கும், எத்தனை ஆவிகள் உலாவும் என்று மச்சாள் கணக்குப் போட்டிருக்கிறார். தாலிக்கொடி இருந்தாலாவது பரவாயில்லை, வெறும் நூலோடு என்னை எப்படி விடுவது என்று, ஆணியை மஞ்சளுக்குள் செருகி, வெளியே தெரியாமல் நூலைச் சுற்றியிருக்கிறார். இந்த மருந்தும் இரும்பு, இந்தப் பெட்டி இரும்பைத்தான் தேடுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "அந்த விசயம்" பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லையே.

எனக்கு வாய் வரை ஏச்சு வந்தது. அதற்கிடையில் மச்சாள் அழத் தொடங்கிவிட்டார். மாமியின் செத்த வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் காணவில்லை.

"அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டனான்," என்றார். "அவவுக்கு நான் ஒண்டும் வைச்சு விடேல்லை. வெறுங்கழுத்தோட விட்டிட்டன். பிறகு அந்தக் கை..."

என் ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவு காலமும் மாமியின் கையைப் பார்த்துப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கையைக் கழுவித் துடைத்து, சட்டைக்குள் நுழைத்தவர்.

டொக்டர் மஞ்சளையும் நூலையும் பிரித்து, ஆணியை மட்டும் எடுத்து மச்சாளின் கையில் வைத்தார். நூலைத் திரும்ப எனக்குக் கட்டச் சொன்னார். "அக்கா, இதை நீங்க வெளியில வைச்சிருங்க. தியேட்டர்ல எனக்கே இரும்புச் சாமான் பாவிக்க ஏலாது. கணுவைத் தேடேக்க பிளாஸ்டிக்காலதான் பிடிக்க வேணும்," என்றார். பிறகுதான் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றே செய்தார்கள். விழித்தபோது முதலில் வலது கையைத்தான் பார்த்தேன். அது அப்போது ஒன்றையும் சொல்லாது என்று தெரியும், ஆனாலும் பார்த்தேன். கபில நிறத்தில் மூன்று கணுக்கள் கிடைத்தன, சோதனைக்குப் போயிருக்கின்றன என்றார்கள். அதில் வருத்தம் நிறைய இருந்தால் திரும்பவும் வெட்டி மற்றக் கணுக்களையும் எடுக்க வேண்டி வரலாம். முடிவு வரும்வரை நான் வீட்டில் இருந்து இவரைக் கவனித்தேன். இவருக்குக் கெட்ட செய்தி தெரிந்தால் மறைப்பார், நல்ல செய்தி என்றால் சொல்வார். இரண்டுக்கும் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வருவார். ஒரு பின்னேரம் ரோல்ஸோடு வந்தார். என்ன முடிவு வந்தது என்று கேட்டேன். மழைக்குக் கடையில் ஒதுங்கினாராம், சும்மா நிற்க வெட்கமாக இருந்ததாம்.

இதை எதிர்பார்த்துத்தான், முடிவை எனக்கு மட்டும் முதலில் சொல்ல வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டிருந்தேன். கிளினிக்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதிரையில் இருக்க முதலே சொன்னார்.

"மூண்டிலயும் இல்லை அம்மா. கையைத் தொட மாட்டம்."

"அது என்ர கணுதானா? வேற ஆக்களின்ரயோட மாறுபடேல்லையா?"

அவர் அறிக்கையைத் திருப்பி என் பெயரைக் காட்டினார். விரலால் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். என் பெயர்தான். அதன் பிறகுதான் அழுதேன். வெளியே வந்து சொன்னபோது இவர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். மச்சாள் என் வலது கையைப் பிடித்து, முழங்கை வரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

அதன் பிறகு மார்புக்குக் கதிர்ச் சிகிச்சை இருந்தது. தொடங்க முதல் ஒரு ஸ்கான் எடுத்து இடம் குறிக்க வேண்டும். மச்சாள் கூட வந்தார். கறை இன்னும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அறை வாசலில் நின்ற பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டார், உடம்பில் இரும்பு, நகை ஏதாவது இருக்கிறதா என்று.

"இல்லை எண்டுதான் நினைக்கிறன்," என்றேன். "ஆனா எனக்கொரு மச்சாள் இருக்கிறா. எதுக்கும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

மச்சாள் வெட்கப்பட்டு, "சும்மா இரும் சுகந்தி" என்றார். நான் கைப்பையைத் திறந்தேன். வார்டில் இருந்து வந்த அன்று அவர் எறியப் பார்த்த அந்த அரை ஆணியை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். இப்படியானதில் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. அதை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"உள்ளுக்குக் கொண்டு போக விட மாட்டினம் மச்சாள். நான் வரும் வரைக்கும் நீங்கள் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

ஸ்கான் முடிய நேரம் எடுத்தது. நான் வெளியே வந்தபோது வாசலில் காத்திருந்த மற்றவர்கள் எல்லாரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மச்சாள் மட்டும் கதவுக்கு நேரே, அதே கதிரையில், கையை இறுக மூடியபடி இருந்தார்.